தெருவில் மைக் பிடிக்கும் மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்காம், இதழியல் படிக்கும் பிள்ளைகள் 'பப்ளிக் பைட்' (தெருவில் பொதுமக்களிடம் எடுக்கும் குட்டிப் பேட்டி) எடுக்கக் கிளம்பும்போதும், எடுத்துவிட்டு முகம் வாடித் திரும்பும்போதும் கேட்கிற சந்தேகங்கள் வருஷா வருஷம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் சென்னைத் தெருக்களிலிருந்து வருகின்றன. மதுரையோ திருச்சியோ, இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தெருவுல போறவங்களை நிறுத்திப் பேசவே கூச்சமா இருக்கு. எப்படி ஆரம்பிக்கறது?

போகிறவர்களை நிறுத்தாதீர்கள், நிற்கிறவர்களிடம் போங்கள். பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பவர், டீக்கடையில் கிளாஸோடு நிற்பவர், கரும்புச் சாறு பிழிந்து வரும்வரை நிற்பவர், ஸ்டாண்டில் சவாரிக்கு உட்கார்ந்திருக்கும் ஆட்டோக்காரர் ஆகியோருக்கெல்லாம் கையில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. ரங்கநாதன் தெருவில் இரண்டு கையிலும் பையோடு மாம்பலம் ஸ்டேஷனைப் பார்த்து ஓடுகிறவரிடம் மைக்கை நீட்டினால் திட்டுதான் விழும். கூச்சம் இன்னும் கூடும்.

மைக்கையும் போனையும் கீழே இறக்கி வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். "வணக்கம்க்கா. காலேஜ்ல ஜர்னலிசம் படிக்கிறோம். பஸ் நேரத்துக்கு வருதான்னு சில பேர்கிட்ட கேட்டு வீடியோ எடுக்கிறோம். ரெண்டு மூணு நிமிஷம் பேசலாமா?" யார், எதற்கு, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் அதிலேயே வந்துவிட்டன. ஐந்து நிமிஷம் ஆகும் என்றால் ஐந்து என்றே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் "பரவாயில்லக்கா, நன்றி" என்று நகர்ந்துவிடுங்கள். கெஞ்சி வாங்கிய பைட் ஒன்றுக்கும் உதவாது.

அப்புறம், நாற்பது வயதுப் பெண்ணை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் பேட்டி அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா, அண்ணே என்பவை எங்கேயும் செல்லும். வயதானவர்களுக்கு அம்மா, ஐயா.

கேமரா இல்ல, போன்தான் இருக்கு. போதுமா?

போதும். படத்துக்குப் போன் தாராளமாகப் போதும், ஒலிக்குத்தான் போதாது. கையில் காசு இருந்தால் முதலில் ஒரு மைக் வாங்குங்கள், லென்ஸும் கிம்பலும் (படம் ஆடாமல் பிடிக்கும் கருவி) பிறகு பார்த்துக்கொள்ளலாம். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு காதில் விழவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

கிளம்பும் முன் போனில் இடம் இருக்கிறதா, பவர் பேங்க் இருக்கிறதா என்று பாருங்கள். ரெகார்டை அழுத்தும் முன் ஏரோபிளேன் மோட். பேட்டி நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். நின்றது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இன்னொன்று, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரவில் கடை விளக்குகளின் வெளிச்சத்தில் நொடிக்கு 30 பிரேமில் எடுத்தால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும். 25 பிரேமில் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

படுக்க வச்சு எடுக்கணுமா, நிக்க வச்சா?

எங்கே வெளியிடப் போகிறீர்களோ அதைப் பொறுத்தது. ரீல்ஸ் என்றால் நிமிர்த்தி, யூடியூபில் நீள வீடியோ என்றால் படுக்கவைத்து. கிளம்பும் முன் முடிவு செய்யுங்கள். பாதியை அப்படியும் பாதியை இப்படியும் எடுத்து வந்தால் எடிட்டில் உட்காருபவர் உங்களோடு பேச மாட்டார்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தா ஹாரன் சத்தம்தான் கேக்குது. மைக்கை எங்க வைக்கணும்?

வாய்க்குப் பக்கத்தில். கை மைக் என்றால் முகவாய்க்குக் கீழே, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். நேராக வாய்க்கு முன் பிடித்தால் 'ப', 'ஃப' வரும்போது காற்று அடிக்கும், அதனால் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். காலர் மைக்கைச் சட்டையின் இரண்டாவது பட்டன் அருகே குத்துங்கள். புடவையில் தோள்பட்டைப் பக்கம் பின் குத்தும் இடம் தோதானது. பெண்களுக்கு மைக்கை நீங்கள் குத்திவிடப் போகாதீர்கள், அவர்கள் கையில் கொடுத்து இடத்தைச் சொல்லுங்கள். துப்பட்டாவும் தாலிச் சங்கிலியும் மைக்கில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உரசலை எந்தச் சாப்ட்வேரும் முழுதாக எடுக்காது.

மைக்கை எந்தக் காரணத்துக்காகவும் பேசுபவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பேட்டி உங்கள் கையை விட்டுப் போய்விடும். அவர் மைக்கை ஆட்டி ஆட்டிப் பேசுவார், நிறுத்தவும் மாட்டார்.

நிற்கும் இடத்தையும் பாருங்கள். அண்ணா சாலை ஓரத்தில் நிற்பதைவிடப் பக்கத்துச் சந்துக்குள் பத்தடி நடந்தால் பாதி இரைச்சல் குறையும். பேசுபவரின் முதுகுப் பக்கம் சாலை இருந்தால் மைக் சாலையைப் பார்க்கும். ஒருதிசை மைக் (முன்னால் இருக்கும் சத்தத்தை மட்டும் அதிகம் வாங்குவது) என்றால் அவரைச் சுவருக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். மெரினாவில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பிவிடும், காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் மயிர்த் தொப்பி போட்ட மைக் இல்லாமல் அங்கே போவது வீண். எங்கே எடுத்தாலும் ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டே எடுங்கள். திரையில் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி ஆடினால் போதும், சிவப்பைத் தொடக் கூடாது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அதே இடத்துச் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களை மூட அந்த ஆம்பியன்ஸ்தான் கைகொடுக்கும்.

"நல்லா இருக்கு", "பரவால்ல"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. என்ன பண்றது?

குறை பதிலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. "இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று முன்பின் தெரியாதவர் மைக்கோடு கேட்டால் யாராக இருந்தாலும் வம்பில்லாத ஒரு பதிலைச் சொல்லிவிட்டு நழுவத்தான் பார்ப்பார்கள். கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். இன்று காலை என்ன நடந்தது, கடைசியாக எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள், அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கருத்து அதற்குள் தானாக வந்துவிடும்.

ஒரு உதாரணம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் ('வெள்ளை போர்டு' பஸ்) பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஸ்டாப்பில் நிற்கும் ஒரு அம்மாவிடம் "இந்தத் திட்டம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்ல திட்டம்தான்" என்பார், கதை முடிந்தது. "காலையில எத்தனை மணிக்கு வந்தீங்கம்மா? எத்தனை பஸ்ஸை விட்டீங்க?" என்று கேட்டால் பதில் இப்படி வரலாம்: "ஏழரைக்கே வந்துட்டேன். டீலக்ஸ் ரெண்டு போச்சு, அதுல ஏறினா காசு. வெள்ளை போர்டு வரட்டும்னு நிக்கிறேன். எட்டரைக்குள்ள போகலன்னா வேலை செய்யற வீட்டுல சத்தம் போடுவாங்க." மிச்சமாகும் காசு, அதற்காகக் கொடுக்கும் நேரம், போய்ச் சேர வேண்டிய வேலை என்று எல்லாம் அந்த நாலு வரியில் இருக்கிறது. திட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்த கேள்வியை உங்கள் காகிதத்தில் தேடாதீர்கள், அவர் சொன்ன கடைசி வரியில் தேடுங்கள். "சத்தம் போட்டா என்ன சொல்லுவீங்க?" பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் வீடியோவில் நிற்கும். மாணவர்கள் கொண்டுவரும் பைட்டுகளில் முக்கால்வாசி அதற்கு முன்பே "ரொம்ப நன்றி" சொல்லி முடிந்திருக்கும்.

அப்போ கேள்வியெல்லாம் எழுதிட்டுப் போகவே கூடாதா?

எழுதுங்கள், ஆனால் அவர் முன்னால் படிக்காதீர்கள். மூன்று கேள்வி போதும், மனதில் நிற்கும். பதில் வரும்போது நீங்கள் குனிந்து போனைப் பார்த்தால் அவரும் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்.

நான் "ம்ம்", "ஓ அப்படியா"ன்னு சொல்றதெல்லாம் பதிவாகுதே?

வாயை மூடித் தலையை ஆட்டுங்கள், முகத்தாலேயே கேட்கலாம். பதில் முடிந்தது என்று தோன்றும்போது உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த இடைவெளி உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், எதிரில் இருப்பவருக்கும் அப்படித்தான். அதனாலேயே அவர் இன்னொரு வரி சேர்ப்பார். அந்த வரி பலமுறை முன்னே சொன்ன எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும்.

என் கேள்வியை வெட்டிட்டா பதில் தலையும் புரியல, வாலும் புரியல. எப்படிச் சரி பண்றது?

"எத்தனை மணி நேரம்?" என்று கேட்டு "நாலு" என்று பதில் வாங்கினால் அப்படித்தான் ஆகும். தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "என் குரல் வராதுண்ணே. நான் கேட்டதையும் சேர்த்துச் சொல்லுங்க. 'நான் தினமும் நாலு மணி நேரம்'னு ஆரம்பிச்சா நல்லா இருக்கும்." மறந்துவிட்டால் இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் எடுத்துக்கொடுத்துவிடக் கூடாது.

கையெழுத்து வாங்கணுமா? பேரு கேட்டா பயப்படறாங்க.

தெருப் பேட்டிக்குக் காகிதத்தை நீட்டினால் பாதிப் பேர் போய்விடுவார்கள். கேமராவிலேயே சம்மதம் வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். பதிவை ஓடவிட்டு, பெயர், வயது, தொழில், எந்தப் பகுதி என்று கேளுங்கள். "இது எங்க காலேஜ் யூடியூப் சேனல்ல வரும், யார் வேணாலும் பார்க்கலாம். போடலாமா?" என்பதையும் கேட்டுப் பதிலைப் பதிவு செய்யுங்கள். எங்கே வரும் என்பதைச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் அரைச் சம்மதம்தான். வகுப்புக்கு என்று சொல்லி எடுத்ததை இன்ஸ்டாவில் போட்டால் நீங்கள் வாக்கு மீறியவர். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் எடுக்கலாம், தொழிலும் பகுதியும் இருந்தால் போதும்.

இந்த விவரங்களோடு தேதியையும் இடத்தையும் நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட மறுநாள், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருந்த ஆலன் லோமாக்ஸ் பல ஊர்களில் இருந்த நாட்டுப்புறவியல் சேகரிப்பாளர்களுக்குத் தந்தி அடித்து, தெருவில் சாதாரண ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று பதிவு செய்யச் சொன்னார். அந்தப் பேட்டிகளை இன்றும் கேட்கலாம். எந்த ஊர், எந்த நாள் என்ற குறிப்பு கூடவே இருப்பதால்தான் அவை வரலாற்று ஆவணமாக நிற்கின்றன. உங்கள் போனில் வெறும் எண்ணாகக் கிடக்கும் கோப்பு ஆறு மாதம் கழித்து உங்களுக்கே யாருடையது என்று தெரியாது.

பொது இடம்தானே, எங்க வேணா எடுக்கலாமே?

சாலையும் நடைபாதையும் பொது இடம். ஆட்கள் கூடுகிற எல்லா இடமும் அப்படி இல்லை. மால் தனியார் இடம், செக்யூரிட்டி நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டியதுதான். ரயில் நிலையத்திலும் மெட்ரோவிலும் பேட்டி எடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கோயிலுக்குள் போனையே கொண்டுபோகக் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அரசு மருத்துவமனை வளாகத்துக்குள் போக வேண்டாம், வாசலுக்கு வெளியே நில்லுங்கள்.

போலீஸ்காரர் வந்து கேட்டால் கல்லூரி அடையாள அட்டை, துறைத் தலைவரின் கடிதம் இரண்டையும் காட்டுங்கள். கடிதத்தில் தேதி, இடம், தலைப்பு இருக்கட்டும். அப்படியும் "போங்கப்பா" என்றால் அங்கே சட்டம் பேசி நிற்காதீர்கள், அடுத்த தெருவுக்குப் போங்கள். செய்தியே அந்த இடத்தில்தான் என்றால் மட்டும் ஆசிரியரை அழையுங்கள்.

ஒருத்தர்கிட்ட பேச ஆரம்பிச்சா கூட்டம் கூடிடுது, ஆளாளுக்குப் பேசறாங்க.

மார்க்கெட்டில் இது நிச்சயம் நடக்கும். காசிமேட்டில் மீன் விலையைப் பற்றி ஒருவரிடம் கேட்டால் நாலு பேர் பதில் சொல்வார்கள். கூட வந்த நண்பரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அவர் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்து "அண்ணே, அடுத்து உங்ககிட்டதான் வரோம், கொஞ்சம் இருங்க" என்று பேச்சுக் கொடுக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குரல் உயர்ந்தவரை முதலில் பேசவிட்டால் மற்றவர்கள் எல்லாம் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். ஓரமாக நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பவரைக் கவனித்து வைத்து, கூட்டம் கலைந்தபின் தனியாகப் பேசுங்கள்.

எத்தனை பேர்கிட்ட எடுத்தா 'மக்கள் கருத்து'ன்னு போடலாம்?

எத்தனை பேரிடம் எடுத்தாலும் போட முடியாது. தெருப் பேட்டி கருத்துக்கணிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தி.நகரில் நின்றால் கடைக்கு வந்தவர்கள்தான் கிடைப்பார்கள். அதே கேள்வியைக் காலை நான்கு மணிக்குக் கோயம்பேட்டில் கேட்டால் மூட்டை இறக்குபவர்களும் காய்கறி வியாபாரிகளும் கிடைப்பார்கள், பதில் தலைகீழாக இருக்கும். எங்கே, எந்த நேரத்தில் நிற்கிறீர்கள் என்பதே பாதி பதிலைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே 'மக்கள் கொந்தளிப்பு' வேண்டாம். 'கோயம்பேடு மார்க்கெட்டில் சிலர் சொன்னது' என்று போடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. பத்து பேரில் எட்டு பேர் ஒரு பக்கம் பேசியிருக்க, 'சமநிலை' என்று ஒன்றுக்கு ஒன்றாக வெட்டி வைப்பதும் பொய்தான்.

தேர்தல் சமயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஓட்டுப் போட்டுவிட்டு வருபவரிடம் "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டுத் தொகுத்து வெளியிடுவது விளையாட்டல்ல. தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்தில் வாக்குக்குப் பிந்தைய கணிப்பு நடத்துவதையும் வெளியிடுவதையும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு தடை செய்கிறது.

ஸ்கூல் பசங்க நல்லா பேசறாங்க. எடுக்கலாமா?

பெற்றோரோ ஆசிரியரோ பக்கத்தில் இருந்து சம்மதித்தால், பிடித்த விளையாட்டு, பரீட்சை மாதிரி விஷயங்களுக்கு எடுக்கலாம். வீட்டுச் சண்டை, அடி, சாதி, பண நெருக்கடி பற்றிப் பேச்சு திரும்பினால் பதிவை நிறுத்துங்கள். பிள்ளை பேசியதன் விளைவை வீட்டில் அனுபவிக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

குற்றத்தில் பாதிக்கப்பட்ட, சாட்சியான, அல்லது வழக்கில் சிக்கிய சிறார் என்றால் சட்டம் கறாராக இருக்கிறது. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) 23-வது பிரிவும், 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கின்றன. அடையாளம் என்றால் பெயரும் முகமும் மட்டுமில்லை, பள்ளி, முகவரி, குடும்ப விவரம் எல்லாமே. முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பின்னால் பள்ளியின் பெயர்ப் பலகையைக் காட்டினால் மங்கலாக்கியதில் அர்த்தமில்லை.

இப்படி எடுத்தா யார் பார்ப்பா? ஜாலியா, கொஞ்சம் டபுள் மீனிங்ல கேட்டா வியூஸ் வரும்ல?

வரும், போலீஸும் வரும். 2021 ஜனவரியில் பெசன்ட் நகர் கடற்கரையில் பெண்களிடம் ஆபாசமாகக் கேள்வி கேட்டு எடுத்த யூடியூப் சேனல் ஒன்றைச் சேர்ந்த மூன்று பேரைச் சென்னை போலீஸ் கைது செய்தது. அதை விடுங்கள். பேசிய பெண் மறுநாள் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போக வேண்டும், கமெண்ட்டில் எழுதுகிறவர்களின் வாயெல்லாம் அவர்மேல்தான் விழும். ஜாலியாகக் கேட்பதில் தவறே இல்லை. பேசியவர் அந்த வீடியோவைத் தன் வீட்டாருக்கே அனுப்புவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

பேச்சுத் தமிழை சப்டைட்டில்ல திருத்தி எழுதலாமா?

வேண்டாம். "இன்னாத்துக்கு" என்றால் அப்படியே எழுதுங்கள். காதில் ஒன்று, கண்ணில் ஒன்று என்றால் பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும். அதேநேரம், படித்தவர் பேச்சை மட்டும் எழுத்துத் தமிழில் ஒழுங்காகப் போட்டுவிட்டு, மீன்காரம்மா பேச்சை மட்டும் எழுத்துப் பிசகாமல் கொச்சையாகப் போடுவது கேலி. ஒரே அளவுகோல் எல்லாருக்கும்.

எடிட் பண்ணும்போது எவ்வளவு வெட்டலாம்?

இழுவையை, திரும்பச் சொன்னதை, இருமலை வெட்டலாம். "ஆனா" என்பதற்குப் பிறகு வருவதை மட்டும் வெட்டாதீர்கள். மேலே பார்த்த ஸ்டாப் அம்மா "காசு மிச்சம்தான், ஆனா பஸ்ஸே வர மாட்டேங்குது" என்று சொன்னால் முதல் பாதியை மட்டும் வைத்து ஒரு வீடியோவும் பின்பாதியை மட்டும் வைத்து இன்னொரு வீடியோவும் செய்யலாம். இரண்டும் அவர் சொன்னதல்ல. ஒரு கேள்விக்கு வந்த பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டுவதும் அதே ரகம். வெட்டிய இடத்தை மூடக் கை, கடை, பேருந்து என்று சில ஷாட்டுகளைத் தனியாக எடுத்து வாருங்கள். வெட்டாத மூல ஃபுட்டேஜை இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்திருங்கள். ஏன் என்பது அடுத்த இரண்டு கேள்விகளில் தெரியும்.

ஒருத்தர் கேமரா முன்னாடி இன்னொருத்தர் பேரைச் சொல்லி "லஞ்சம் வாங்கறான்"னுட்டார். சொன்னது அவர்தானே, நமக்கென்ன?

சொன்னது அவர், வெளியிட்டது நீங்கள். அவதூறு வழக்கு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356-வது பிரிவு, வெளியிட்டவர்மேலும் வரும். 'இது அவருடைய சொந்தக் கருத்து' என்று கீழே ஒரு வரி ஓடவிட்டால் காப்பாற்றாது.

விஷயத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. அது செய்திக்கான துப்பு, பைட் அல்ல. எப்போது, எதற்கு, எவ்வளவு, ரசீது உண்டா, வேறு யாருக்காவது நடந்ததா என்று நடந்ததைக் கேட்டு வாங்குங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடமும் பதில் கேளுங்கள். இதை ஆசிரியரிடம் கொண்டுபோய்த் தனிச் செய்தியாகச் செய்யுங்கள். தெருப் பேட்டி வீடியோவில் பெயரில்லாமல் "பட்டா வாங்க ஆறு தடவை நடந்தேன்" என்ற பகுதி மட்டும் போதும்.

பேசினவர் மறுநாள் போன் பண்ணி "என் வீடியோவை எடுத்துடுங்க"ங்கறார். சம்மதம்தான் பதிவுல இருக்கே?

இருக்கட்டும். முதலில் ஏன் என்று கேளுங்கள். முதலாளி திட்டினார், வீட்டில் சண்டை, வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்கிறார் என்றால் எடுத்துவிடுங்கள். மாணவர் வீடியோ ஒன்றுக்காக ஒருவர் வேலை போக வேண்டியதில்லை. இன்னும் வெளியிடவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். "தலைமுடி சரியில்லை" மாதிரி காரணம் என்றால் பேசிப் பார்க்கலாம். பொறுப்பில் உள்ள அதிகாரியோ அரசியல்வாதியோ தான் சொன்னதை விழுங்கப் பார்த்தால் மட்டும் எடுக்காதீர்கள். அங்கேதான் பதிவில் இருக்கும் சம்மதமும் மூல ஃபுட்டேஜும் வேலைக்கு வரும்.

எடுப்பதென்றால் யூடியூப், இன்ஸ்டா, நண்பர்கள் பகிர்ந்த ஷார்ட்ஸ், தம்ப்நெயிலில் இருக்கும் முகம் என எல்லா இடத்திலும் எடுங்கள். எடுத்துவிட்டு அவருக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.